கழுவிய பிறகும் தீராத குறைகள்: காருக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

காரைக் கழுவித் துடைத்த பிறகும் ஏதோ ஒரு குறை கண்ணில் பட்டால், பெரும்பாலோர் உடனே செய்வது இன்னொரு பாட்டில் வாங்குவதுதான். எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்பே, அந்தக் குறை பெயிண்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பெயிண்டுக்குள் இறங்கிவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே ஒட்டியிருப்பது கரையும், அல்லது பெயர்ந்து வரும். உள்ளே இறங்கியதைச் சரிசெய்ய, அதைச் சுற்றியுள்ள மேற்பூச்சையே தேய்த்து மெலிதாக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் பூசிய பெயிண்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். அதில் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். ஒவ்வொரு பாலிஷும் அதில் சில மைக்ரான்களை எடுத்துவிடும். ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும், கழுவுதல், கரைத்தல், பெயர்த்தல், தேய்த்தல் என்ற வரிசையிலேயே சோதனைகள் வருகின்றன. முந்தைய படியில் குறை நீங்கிவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டியதில்லை.

எல்லாச் சோதனைகளையும் வண்டியைக் கழுவி உலர்த்திய பின், நிழலில், தகடு கைக்குச் சூடாகத் தெரியாத நேரத்தில் செய்ய வேண்டும். பார்ப்பதற்குக் கைப்பேசியின் டார்ச் வெளிச்சமே போதும்.

## அறிகுறி 1: வெயிலில் சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்கள் தெரிகின்றன

அடர்ந்த நிற வண்டிகளில் அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான். வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளிலும் அதே அளவு கீறல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

### கீறல்கள் விளக்கைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் தெரிந்தால்

இவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்க்கலாம். முதலாவது, காய்ந்த தூசியை உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தட்டுவது. தினமும் காலையில் வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் பழக்கம், வாரம் ஒருமுறை கழுவுவதைவிடப் பல மடங்கு கீறலை உண்டாக்குகிறது என்பதே என் மதிப்பீடு. இதை நிறுத்துவதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, கழுவும் கருவி. தட்டையான மஞ்சள் ஸ்பாஞ்சு மணலை உள்ளே வாங்கிக்கொள்ளாமல் தகட்டுக்கும் தனக்கும் நடுவில் வைத்தே இழுக்கும். நீண்ட இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறையில் மணல் இழைகளுக்குள் போய்விடும். ஷாம்பு தண்ணீருக்கு ஒரு வாளி, கையுறையை அலசுவதற்கு இன்னொரு வாளி என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். அலசும் வாளியின் அடியில் சல்லடைத் தட்டு இருந்தால் மணல் கீழேயே தங்கிவிடும். வீல்களுக்குத் தனிக் கையுறையும் தனி வாளியும் தேவை. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, வரிசை. கையுறையால் தொடுவதற்கு முன் மேலிருந்து கீழாகத் தண்ணீர் பாய்ச்சித் தளர்ந்த மண்ணை இறக்க வேண்டும். நுரை பீய்ச்சும் கருவி இருந்தால் நுரையைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலசலாம். கருவி இல்லாவிட்டாலும் குறையில்லை. நுரை கெட்டியாக வருவதற்கும் அழுக்கு போவதற்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. பிறகு கூரை, கண்ணாடி, போனட், கதவுகளின் மேற்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதியும் பம்பரும் என்று இறங்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தம் கொடுக்காமல் இழுப்பது நல்லது.

நான்காவது, துடைக்கும் துணி. துணியை வெளிச்சத்தில் விரித்து, சருகுத் துண்டு, தையல் முடிச்சு, கெட்டியான விளிம்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பருத்தித் துணிகளுடன் சேர்த்துத் துவைத்த மைக்ரோஃபைபர் துணி பஞ்சைச் சுமந்து வரும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகளில் பூச்சு ஏறி, தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளும். வாசனையில்லாத திரவச் சோப்பில், வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாகத் துவைத்து, சூடில்லாமல் உலர்த்தினால் துணி நீண்ட நாள் உழைக்கும். மெழுகு எடுப்பதற்கு 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அடர்த்தி போதும், தண்ணீர் உறிஞ்சுவதற்கு 500-க்கு மேற்பட்ட பெரிய துணி வேண்டும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் திரும்பப் பெயிண்டில் வைக்கக் கூடாது. அதை வீல் வேலைக்கு மாற்றிவிடலாம்.

மேற்சொன்ன நான்கும் சரியான பிறகே ஏற்கெனவே விழுந்த கீறல்களை நீக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். கழுவும் முறை மாறாமல் பாலிஷ் போட்டால், சில மாதங்களில் அதே கீறல்கள் திரும்பும். கிளியர் கோட் மட்டும் மெலிந்திருக்கும். லேசான கீறல்களுக்கு மென்மையான ஸ்பாஞ்சுப் பட்டையுடன் மிக நுண்ணிய பாலிஷைப் போனட்டின் ஒரு சிறு சதுரத்தில் முதலில் போட்டுப் பார்க்கலாம். அதன்பின் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலுடன் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருந்தால் அப்போது அது மீண்டும் தெரியும்.

### ஒரே சீரான வளைந்த கோடுகள், விளக்கை நகர்த்தினால் கூடவே நகர்ந்தால்

இது சுழலும் பாலிஷ் மெஷினைத் தவறாகப் பிடித்ததால் வந்த தடம். கழுவும் முறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அண்மையில் யாரோ பாலிஷ் போட்டிருந்தால் அவர்களிடமே கொண்டுபோய், எண்ணெய் துடைத்த பிறகு வெளிச்சத்தில் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

### நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டினால்

அந்தக் கீறல் பாலிஷில் போகாது. உள்ளே வேறு நிறம் தெரிந்தால் நிறப்பூச்சையும் தாண்டிவிட்டது என்று பொருள். உலோகம் தெரிந்தால் துரு பிடிப்பதற்குள் தொட்டுப்பூசும் பெயிண்டால் மூடிவிட வேண்டும். மெஷினைத் தொடுவதற்கு முன் தொழில்முறை டீடெய்லரிடம் (காரைச் சுத்தம் செய்து மெருகேற்றுபவர்) தடிமன் மானியால் அளக்கச் சொல்வது இந்த இடத்தில்தான் அவசியமாகிறது. பழைய வண்டிகளிலும், முன்பு எத்தனை முறை பாலிஷ் ஏறியது என்று தெரியாத வண்டிகளிலும் அளக்காமல் தேய்ப்பது சூதாட்டம். சாதாரண மானி உலோகத் தகட்டில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், பிளாஸ்டிக் பம்பரில் அதே அழுத்தத்தைக் கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி 2: உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளும் வளையங்களும் தெரிகின்றன

இது உப்புக்கறை. தண்ணீர் ஆவியாகி, அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் தங்கிவிட்டன.

### கழுவிய அதே நாளில் தோன்றிய புள்ளிகள்

மீண்டும் ஷாம்பு போட்டுக் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். போனால் பிரச்சினை பொருளில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. வெயிலில் கழுவியது, முழு வண்டியையும் அலசிவிட்டுக் கடைசியில் துடைக்கத் தொடங்கியது, கண்ணாடிக் கூண்டுகளுக்குள்ளும் கதவுக் கைப்பிடிகளுக்குள்ளும் தங்கிய தண்ணீர் பிறகு வழிந்தது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். காலையிலோ மாலையிலோ, ஒவ்வொரு பக்கமாகக் கழுவித் துடைத்துக்கொண்டே போக வேண்டும். இறுதி அலசலுக்குக் குழாயின் பீய்ச்சும் முனையைக் கழற்றிவிட்டு, தண்ணீரை ஒரே படலமாக மேலிருந்து ஓடவிட்டால் துளிகள் தங்குவது வெகுவாகக் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் புள்ளி வந்தால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். ஒரு கண்ணாடித் தட்டில் குழாய்த் தண்ணீர் சில துளிகளை விட்டுக் காயவைத்துப் பார்ப்பது எளிய சோதனை. வெள்ளை வளையம் அழுத்தமாகத் தெரிந்தால், கழுவுவதற்கு அந்தத் தண்ணீரையும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஆர்.ஓ. அல்லது அயனி நீக்கிய தண்ணீரையும் பயன்படுத்தலாம். வீட்டு மென்னீராக்கி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. புள்ளி அப்போதும் வரும், ஆனால் அடுத்த கழுவலில் எளிதாகப் போய்விடும்.

### கழுவினாலும் போகாத புள்ளிகள்

வெள்ளை வினிகரையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, புள்ளியின் மேல் ஓரிரு நிமிடம் வைத்து, தேய்க்காமல் எடுத்து, தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். குளிர்ந்த தகட்டில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் முதலில் முயன்றுவிட்டுச் செய்ய வேண்டும். பூச்சில்லாத அலுமினியத்திலும் குரோமிலும் இதை வைக்க வேண்டாம். மெழுகு போட்டிருந்தால் அந்த இடத்தில் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பாதி மட்டுமே போனால், இதற்கென்றே விற்கும் உப்புக்கறை நீக்கி அடுத்த படி. அது வினிகரைவிட வலுவான அமிலம் என்பதால் கையுறை அணிந்து, பாட்டிலில் எழுதியுள்ள நேரத்தை ஒரு நொடியும் தாண்டாமல் பயன்படுத்த வேண்டும். சிலிக்கா நிறைந்த தண்ணீர் விட்ட கறை வினிகருக்கு அசையாது. அதற்குக் கிளே பாரோ (ஒட்டிய துகளைப் பெயர்த்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) பாலிஷோதான் வழி.

### வெள்ளை போய், பள்ளமான வளையம் மட்டும் மிஞ்சினால்

கறை பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. இனி எந்த அமிலமும் உதவாது. மேலும் மேலும் ஊற்றுவது கேடு. லேசானதாக இருந்தால் நுண்ணிய பாலிஷில் சமனாகும். போனட் முழுவதும் பரவியிருந்தால் டீடெய்லரிடம் விட வேண்டிய வேலை. பெயிண்டின் மேல் இறுகி நிற்கும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் போட்ட வண்டிகளில் இந்தப் புகார் குறைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் உருண்டையாக நிற்பதால் உப்பு ஒரே புள்ளியில் குவிகிறது; கோட்டிங் போட்டாயிற்று என்று துடைக்காமல் விடுபவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

பறவை எச்சமும் பூச்சிச் சிதறலும் இதே வழியில்தான் சேதம் செய்கின்றன, ஆனால் மிக வேகமாக. வெயிலில் சில மணி நேரத்திலேயே தடம் விழலாம். காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுக்க வேண்டும். வண்டிக்குள் ஒரு சிறு தெளிப்பு பாட்டிலும் இரண்டு துணிகளும் வைத்திருப்பது, அலமாரியில் பத்து பாட்டில் வைத்திருப்பதைவிடப் பயனுள்ளது.

## அறிகுறி 3: சுத்தமாகத் தெரிந்தாலும் கையால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது

கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துக்கொண்டு, கழுவி உலர்ந்த போனட்டில் மெதுவாகத் தடவிப் பார்த்தால், வெறும் கைக்குத் தெரியாத துகளும் தெரியும்.

கீழ்ப்பகுதிகளில், வீல்களுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் அது தார். தார் நீக்கியை நேரடியாகத் தெளிக்காமல் துணியில் எடுத்து, ஒரு நிமிடம் ஒற்றி வைத்தால் கரைந்து பழுப்பாக ஒழுகும். கறை ஓர் ஓரமாக இல்லாமல் மேற்பரப்பு முழுவதும் பரவி, வெளிர் நிற வண்டியில் செம்பழுப்பு ஊசிப்புள்ளிகளாகத் தெரிந்தால் அது இரும்புத் துகள். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளங்களின் அருகிலிருந்தும் வருவது. இரும்பு நீக்கியைத் தெளித்தால் ஊதா நிறமாக ஒழுகும். சில நிமிடங்களுக்குள், காய்வதற்கு முன் அலச வேண்டும். நாற்றம் சகிக்க முடியாது என்பதால் திறந்த இடத்தில் செய்வது நல்லது. ஊதா நிறம் வரவே இல்லையென்றால் இரும்பு இல்லை. இரண்டாம் முறை தெளிப்பது வீண்.

இரண்டும் செய்த பிறகும் சொரசொரப்பு மிஞ்சினால் மட்டும் கிளே பார். கூடவே வழுக்குத் திரவம் தாராளமாக இருக்க வேண்டும். ஷாம்பு கலந்த தண்ணீரும் உதவும். கட்டியை அடிக்கடி மடித்துப் புது முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். தரையில் விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். கிளே மெல்லிய மங்கல் ஒன்றை விட்டுச்செல்லக்கூடும். ஆகவே இதை மாதாந்தரச் சடங்காக்க வேண்டாம். பாலிஷ் போடுவதற்கு முன்போ, புதிய மெழுகு ஏற்றுவதற்கு முன்போ ஆண்டுக்கு ஓரிரு முறை போதும்.

அருகில் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்ததால் விழுந்த தூவல் என்று தெரிந்தால், சிறிதளவுக்குக் கிளே போதும். வண்டி முழுவதும் என்றால் தொழில்முறையாளரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருக்கும் தின்னரை எடுப்பவர்கள் விளக்குக் கூண்டையும் பிளாஸ்டிக் ஓரங்களையும் சேர்த்து இழக்கிறார்கள்.

## அறிகுறி 4: தண்ணீர் உருளவில்லை, தட்டையாகப் பரவி நிற்கிறது

முதலில் எளிய கேள்வி: கடைசியாக எப்போது, என்ன போட்டீர்கள்? இயற்கை மெழுகு சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நிற்கும். செயற்கைப் பாதுகாப்புப் பூச்சான சீலன்ட் அதைவிடச் சில மாதங்கள் கூடுதல். காலம் முடிந்திருந்தால் அது கோளாறு அல்ல. மீண்டும் போட வேண்டும், அவ்வளவுதான்.

காலம் முடியவில்லை என்றால், பாதுகாப்புப் பூச்சு போய்விட்டதா, அழுக்கால் மூடப்பட்டிருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். மெழுகோ பளபளப்புப் பொருளோ கலக்காத சாதாரண ஷாம்பால் ஒரு கதவை மட்டும் கழுவி, இரும்பு நீக்கியும் போட்டு அலசிப் பார்க்கலாம். தண்ணீர் திரும்ப உருண்டால் பூச்சு உயிரோடு இருக்கிறது. செராமிக் கோட்டிங் "ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று கொண்டுவரும் வண்டிகளில் பல, இந்த ஒரு கழுவலிலேயே சரியாகிவிடுகின்றன. மீண்டும் கோட்டிங் போடச் சொல்பவரிடம் இந்தச் சோதனையை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

மூடப்படவில்லை, உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்றால் ஷாம்பைப் பார்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றவே செய்யப்பட்டது. அது மெழுகின் ஆயுளையும் குறைக்கும். வீட்டுச் சலவைத்தூளுக்கு வண்டியில் இடமே இல்லை. வாரக் கழுவலுக்கு நடுநிலைத் தன்மை கொண்ட கார் ஷாம்பு, பாட்டிலில் சொன்ன அளவில் போதும். அளவைக் கூட்டினால் சுத்தம் கூடாது. அலசுவதற்குத்தான் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும்.

ஒரு பகுதி மட்டும், எடுத்துக்காட்டாகப் போனட்டும் கூரையும் மட்டும், தட்டையாக இருந்தால் வெயில் அதிகம் படும் இடத்தில் பூச்சு முதலில் தேய்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் தெளிப்பு சீலன்ட் போட்டால் போதும். முழு வண்டியையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

## அறிகுறி 5: மெழுகு, கோட்டிங் போட்ட பிறகு திட்டுத்திட்டாகத் தெரிகிறது

எண்ணெய் தேய்த்தது போன்ற மங்கல், துடைக்கத் துடைக்க இடம் மாறினால், போட்ட அளவு அதிகம். புதிய, உலர்ந்த துணியால், அதை எட்டாக மடித்துப் பக்கம் மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். போகாவிட்டால் அதே மெழுகை இன்னும் மெலிதாகத் தடவி உடனே எடுத்தால், பழைய மிச்சம் இளகி வந்துவிடும். சூடான தகட்டில் போட்டு இறுகிப்போன மெழுகுக்கும் இதே வழிதான்.

கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளையாகக் காய்ந்த பாலிஷை, நீர்த்த பலபயன் சுத்திகரிப்பானும் மென்மையான பழைய பல்துலக்கியும் கொண்டு எடுக்கலாம். அடுத்த முறை பாலிஷ் போடும் முன் அந்த ஓரங்களில் மறைப்பு டேப்பை ஒட்டிவிட்டால் இந்த வேலையே இருக்காது.

செராமிக் கோட்டிங் போட்டு, கருந்திட்டாகவோ வானவில் நிறமாகவோ தெரிந்தால் நேரம் முக்கியம். ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால் அதே கோட்டிங்கைச் சிறிது மேலே தடவி உடனே துடைத்தால் சமனாகும். இறுகிவிட்டால் பாலிஷால் மட்டுமே எடுக்க முடியும். போட்டுக்கொடுத்தவரிடம் திருப்பிக் கொண்டுபோவதே சரி. வேறு இடத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த பகுதியாக இருந்தால், பெயிண்ட் கடை சொல்லும் காலம் முடியும்வரை மெழுகோ கோட்டிங்கோ போடக் கூடாது. உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற இடம் வேண்டும்.

## அறிகுறி 6: கண்ணாடியில் மங்கல், வைப்பர் தடம்

மங்கல் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று விரலால் தேய்த்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். உள்பக்கம் என்றால் டேஷ்போர்டுப் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகிப் படிந்த படலமோ, டேஷ்போர்டில் பூசிய பளபளப்புத் திரவமோதான். ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று என்று இரண்டால் துடைக்க வேண்டும். உள்ளே கிடைமட்டமாகவும் வெளியே செங்குத்தாகவும் துடைத்தால், கோடு எந்தப் பக்கத்தில் மிஞ்சியது என்று உடனே தெரியும். நிறப்படலம் ஒட்டிய கண்ணாடியில் அம்மோனியா கலந்த திரவம் ஆகாது.

வெளியே வைப்பர் துடித்துத் துடித்து ஓடினால், முதலில் ரப்பர் விளிம்பை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடைக்கலாம். பிறகும் துடித்தால் கண்ணாடியில் மெழுகோ மழைநீர் விலக்கியோ சீரற்றுப் படிந்திருக்கும். கண்ணாடிக்கான கிளே, அதன்பின் சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பாலிஷ் என்ற வரிசையில் போகலாம். ரப்பர் வெடித்திருந்தால் இவை ஒன்றும் பயன்படாது. புதிய பிளேடு வாங்கிவிடுங்கள். விரலில் தட்டுப்படும் வளைந்த கீறல் ஓட்டுநரின் பார்வைக்கு நேராக இருந்தால், அதை வீட்டில் தேய்த்துப் பார்வையை வளைத்துவிடாமல் கண்ணாடி மாற்றுபவரிடம் காட்ட வேண்டும்.

## அறிகுறி 7: டயர் பழுப்பாகிறது, வீலில் கறை போகவில்லை

டயர் ரப்பரை வெடிக்காமல் காக்கச் சேர்த்த வேதிப்பொருள் வெளியே கசிந்து பழுப்பாவது இயல்பு. அதன் மேலேயே பளபளப்புத் திரவம் பூசிக்கொண்டு போனால் பழுப்பு இன்னும் தடிக்கும். பலபயன் சுத்திகரிப்பானும் கெட்டித் தூரிகையும் கொண்டு, நுரை பழுப்பாக வருவது நின்று வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும். முழுவதும் உலர்ந்த பிறகு, நீரை அடிப்படையாகக் கொண்ட திரவத்தைத் துணியில் எடுத்து மெலிதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். கதவில் கரும்புள்ளிகள் தெறித்தால் துடைக்காமல் விட்டதே காரணம். சாலையில் படும் பரப்பிலும், பிரேக் பெடலிலும், ஸ்டீயரிங்கிலும் இதை எக்காரணம் கொண்டும் பூசக் கூடாது.

வீல் சூடாக இருக்கும்போது எந்தச் சுத்திகரிப்பானும் தெளிக்கக் கூடாது. காய்ந்த தடம் கறையைவிட மோசமாகத் தெரியும். முதலில் ஷாம்பு, பிறகு இரும்பு நீக்கி. அமிலம் கலந்த வீல் சுத்திகரிப்பானை, பூச்சு முழுதாக உள்ள அலாய் வீலுக்குக்கூட நான் பரிந்துரைப்பதில்லை. பூச்சில்லாத, மெருகேற்றிய அலுமினியத்தில் அது நிரந்தர வெண்மையை விட்டுவிடும். பூச்சு உரிந்து உள்ளே வெண்துரு புழுப்போல் ஊர்ந்திருந்தால் அது வீல் சீரமைப்பவரின் வேலை.

கழுவிய மறுநாள் காலையில் பிரேக் டிஸ்க்கில் செம்மஞ்சள் படலமும், முதல் முறை மிதிக்கும்போது கரகரவென்ற ஒலியும் வந்தால் பயப்பட வேண்டாம். சில முறை மிதமாகப் பிரேக் பிடித்தால் போய்விடும். ஒலி அதன் பிறகும் நீடித்தாலோ, பெடல் அதிர்ந்தாலோ மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

## அறிகுறி 8: நிறம் வெளுத்திருக்கிறது, அல்லது பூச்சு உரிகிறது

ஈரமான வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்ட், அல்லது கிளியர் கோட் அங்கே முற்றிலும் தேய்ந்துவிட்டது. முதல் வகை என்றால் சுண்ணாம்புத்தூள் போன்ற வெளுப்பு பாலிஷில் நன்றாகவே திரும்பும். இரண்டாவது என்றால் அத்துடன் கையை எடுத்துவிட வேண்டும்.

ஓரங்கள் வெள்ளையாகத் தூக்கி, தோல் உரிவதுபோல் தெரிந்தால் பாலிஷ், மெழுகு, கோட்டிங் எதுவும் அதை நிறுத்தாது. அந்தப் பகுதியை மறுபெயிண்ட் செய்வதே வழி. அதுவரை உயர் அழுத்தத் தண்ணீரை அங்கே காட்டக் கூடாது. மற்ற இடங்களிலும் முனையை 30 சென்டிமீட்டருக்குக் குறையாத தூரத்தில் பிடிக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பூச்சு வண்டிகளுக்கு இந்த வழிமுறையின் பாலிஷ் பகுதி எதுவும் பொருந்தாது. ஒருமுறை தேய்த்து வந்த பளபளப்பை எடுக்க வழியில்லை.

மஞ்சளான முகப்பு விளக்கு தனி வகை. அங்கே வெளுப்பது பெயிண்ட் அல்ல, பாலிகார்பனேட்டின் மேலுள்ள புற ஊதாப் பாதுகாப்பு. தேய்த்துத் தெளிவாக்கினால் மட்டும் போதாது. பாதுகாப்புப் பூச்சைத் திரும்ப ஏற்றாவிட்டால் வெகுவிரைவில் மீண்டும் மஞ்சளாகும்.

## அறிகுறி 9: கழுவிய பின் உள்ளே ஈரவாடை

தரைவிரிப்பை முதலில் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் ஏ.சி.யின் வடிகட்டியை மாற்றிப் பார்ப்பது மலிவான முதல் படி. ஈரமாக இருந்து, அதுவும் முன்பக்கப் பயணியின் காலடியில் மட்டும் என்றால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கதவருகே ஈரம் என்றால் ரப்பர் ஓரத்தையும் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும், கூரைத் திறப்பு இருந்தால் அதன் வடிகால்களையும் சோதிக்க வேண்டும். இருக்கையை ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகு வாடை என்றால், ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கொண்டு எடுத்து, கதவுகளைத் திறந்துவைத்து முழுவதும் உலர்த்தும் முன் வாசனைத் திரவம் தெளிக்கக் கூடாது.

தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற மின் இணைப்புகளைத் தொட வேண்டாம். அவை ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தவை. இருக்கையைக் கழற்றும் வேலையைப் பணிமனைக்கு விட்டுவிட வேண்டும்.